பிணத்துக்கு வரிசை

பாடாங் செராய் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் நாற்றம் போகாத தகரக் கொட்டகை.
சங்கத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறார்கள்.
இளவட்டங்கள் தேடி வந்தார்கள்:
"சயாமுக்குப் போயி வந்தவராமே,
அங்கயும் கூத்து நடந்துச்சாமே,
ஒரு வேஷம் கட்டுங்கண்ணே."
ஒருவன் என் விலா எலும்பைப் பார்த்தான்.
"பொணமா படுத்தா போதும். வசனம் இல்ல."

தம்பி,
வசனம் இல்லாத அந்த வேஷத்துக்கு
நாங்கள் அடித்துக்கொண்டது உனக்குத் தெரியாது.

பத்து நாளைக்கு ஓர் அந்தி ஓய்வு.
மூங்கில் வெட்டியவன், மண் சுமந்தவன்,
தண்டவாளக் கட்டையில் தோள் காய்த்தவன் எல்லாம்
சேற்றில் குந்தியிருந்தபோது
சடையன்தான் எழுந்தான். தோட்டத்தில் மண்டோர்.
அடித்த கையாலேயே கும்பிட்டு, "ஆடலாமா?" என்றான்.
சிப்பாய்க்கு என்ன தோன்றியதோ,
தலையை ஆட்டிவிட்டான்.

கதையும் சடையன் கட்டியதுதான்.
எமன் பேரேட்டைத் தொலைத்துவிடுகிறான்.
யாரைக் கொண்டுபோவது, யாரை விடுவது?
பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல்
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டுகிறது அவனுக்கு.
நடுவில் ஒரு பிணம்,
முதல் விருத்தத்திலிருந்து மங்களம் வரைக்கும்
எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

எமனுக்குக் கிரீடம் பால் டின்.
ரெங்கனுக்குச் சேலை கிழிந்த கொசுவலை.
முகத்துக்கு, குழியில் தூவ வைத்திருந்த சுண்ணாம்பு.
மறுநாள் வேலையில் பெண்டாட்டியின் கன்னம்
கொப்புளித்திருந்தது.

"கணக்குத் தெரியாதவன் கையிலா உலகத்தைக் கொடுத்தது?"
எமன் கத்தினான்.
சிப்பாய் என்னவென்று கேட்டான்.
கிராணி குஞ்ஞிராமன் எழுந்து நின்று,
"சக்கரவர்த்தியைப் புகழ்கிறான்" என்றார்.
சிப்பாய் கைதட்டினான்.

சரி, பிணம்.
முகாமில் இருந்த ஒரே பாய் பிணத்துக்கு.
இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள்.
ஒப்பாரி வைக்கிறவன் ஈ ஓட்டவும் வேண்டும்,
அது வேஷத்தில் சேர்த்தி.
யார் விடுவான்?
கரியால் மூங்கிலில் பெயர் எழுதி முறை வைத்தோம்.
நான் பத்தாவது.
கணக்குப் போட்டேன்: நூறு நாள்.

நாற்பதாம் நாள் என் முறை வந்துவிட்டது.

மூன்று பேர் படுத்து எழுந்தார்கள்.
ஆறு பேர் படுத்தார்கள்.
ஒவ்வொரு பெயரையும் ஈரக் கையால் அழிக்கும்போது
நான் அருகில்தான் நின்றேன்.
வரிசை நகர்கிறதே என்று
உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது.
கல்யாணம் கட்டி முப்பது வருஷம்,
இவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு ரெங்கன் என் நெஞ்சில் விழுந்து
"ராசா, என்னை விட்டுப் போனியே" என்று இழுத்தது வரைக்கும்
ஞாபகம் இருக்கிறது.
அப்புறம் தூங்கிவிட்டேன்.
குறட்டை விட்டேனாம்.
எமன் குனிந்து காது வைத்து,
"இது நம்ம கணக்கு இல்ல, விடுங்கடா" என்றானாம்.
வயிற்றுப்போக்கில் கிடந்தவன் வரை சிரித்தானாம்.
எல்லாம் பிறகு கேட்டது.
அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று
எனக்கு மட்டும் தெரியாது.

அடுத்த ஓய்வுக்கு எமனாட ஆளில்லை.
சடையன் குழிக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.
பால் டின்னில் யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

கொட்டகையில் பையன் நோட்டைத் திறந்து
"பிணம்" என்று எழுதி, கோடு இழுத்து,
"ஒங்க பேரு?" என்றான்.
பென்சிலை வாங்கினேன்.

அப்பளசாமி.
சின்னான்.
நொண்டி ஆரோக்கியம்.
கூலிம் தோட்டத்து முனியாண்டி.
பாவாடை.
ஆறாவது ஆள் தைப்பிங்காரன்,
முன்பல் எடுப்பாக இருக்கும்,
உப்புக் கல் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டு
ராத்திரி நக்குவான், எனக்கும் ஒருதரம் கொடுத்தான்.
பெயர் வரவில்லை.
அந்த வரியை அப்படியே விட்டு
அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

"ஒருத்தர் போதும்ணே" என்றான் பையன்,
நோட்டைத் தன் பக்கம் திருப்பி.